மறு: பௌலிங்கில் கடைசி அடிக்குச் சொல் – ‘சறுக்கடி’யே இருக்கட்டும்

குழுவினருக்கு வணக்கம். பந்தை உருட்டிப் பின்கள் என்ற கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்துக்கான நம் தமிழ்க் கையேட்டில், பந்தை விடும் கடைசி அடிக்கு (slide) ‘சறுக்கடி’ என்று வைப்பது பற்றி அண்ணாச்சி எழுதியதற்கு என் பதில்.

> சறுக்கல் என்றாலே வீழ்ச்சிதான். தேர்தலில் சறுக்கல், வியாபாரத்தில் சறுக்கல். கையேட்டில் ஆளை விழச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘நழுவடி’ என்று வைக்கலாமே?

அண்ணாச்சி, நழுவல் வேண்டாம். எங்கள் பக்கம் நழுவுகிறவன் என்றால் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன்.

முதலில் அந்தக் கால் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வலக்கைக்காரர் நாலடி நடையில் வலது, இடது, வலது, இடது என்று வருகிறார். முதல் அடியில் பந்தை முன்னே நீட்டுகிறார். இரண்டாவதில் அது தொங்கி உடம்பை ஒட்டி வருகிறது. மூன்றாவதில் பின்னால் மேலேறுகிறது. நாலாவதில் முழங்கால் மடங்க, இடது பாதம் தரையோடு வழுவழுவென்று போய் ஃபவுல் லைனுக்கு, அதாவது தாண்டக்கூடாத கோட்டுக்கு, முன்னால் நிற்கிறது. பந்து கையை விடுவது அப்போதுதான். உடம்பின் எடை மொத்தமும் அந்த ஒற்றைக் காலில். அது போகாமல் ஒட்டிக்கொண்டால்தான் வினை.

நான் பட்டிருக்கிறேன். சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மாலில் ஆடினோம். யாரோ குளிர்பானம் சிந்திய இடத்தை மிதித்துவிட்டேன் போல, வாடகை ஷூவின் அடியெல்லாம் ஈரம். நாலாவது அடியில் பாதம் கப்பென்று ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் போனது. கோட்டைத் தாண்டி எண்ணெய் பூசிய தடத்தில் இரண்டு கையையும் ஊன்றிக் கிடந்தேன். விழுந்த பின்களும் கணக்கில் வரவில்லை. பேத்தி இன்னும் சிரிக்கிறாள். ஆக, நான் சறுக்கி விழவில்லை, சறுக்காமல் விழுந்தேன்.

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை டவுனுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ரதவீதி முக்கில் நெல்லையப்பர் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கடியில் கட்டை போடுவார்கள். அதற்குப் பெயரே சறுக்குக்கட்டை. அங்கே சறுக்கு என்பது ஆள் கைக்குள் இருக்கும் வேகம். கட்டை போடுகிறவரிடம் போய், ‘இது வீழ்ச்சிக் கட்டையா’ என்று கேட்டுப் பாருங்கள்.

தேரிலிருந்தே இன்னொரு சொல்லும் எடுக்கலாம். பந்து போனபின் பின்கள் விழும்வரை ஒற்றைக்காலில் அசையாமல் நிற்க வேண்டும். நடை சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. நிற்க முடியவில்லையா, எங்கோ அவசரப்பட்டிருக்கிறோம்; என் விஷயத்தில் முதல் இரண்டு அடியிலேயே. இதற்கு நம் சொற்பட்டியலில் ‘இறுதிச் சமநிலைத் தோற்றம்’ என்று கண்டேன். வாய் வலிக்கிறது. தேர் நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த ‘நிலை’ போதும்.

பின்னால் குறுக்கே போகும் வலதுகாலுக்கு ‘ஈடுகால்’. ஒரு கையில் தண்ணீர் வாளி தூக்கினால் மறுகை தானாக விலகுகிறதல்லவா, அதே கணக்கு. பந்துக்கைப் பக்கம் சாயும் எடையை இந்தக் கால் ஈடுகட்டுகிறது. அடகு ஞாபகம் வருகிறது என்பவர்கள் வேறு சொல் தரட்டும்.

அப்புறம், கோட்டுக்கு முன்னால் நாம் நடந்து வரும் இடமான அப்ரோச்சுக்கு ‘ஓடுதளம்’ வேண்டவே வேண்டாம். இருப்பதே 15 அடி நீளம், விமானமா இறங்குகிறது? ‘நடைதளம்’ என்று போடுங்கள்.

> சறுக்கி அடிபட்டது என்று படித்துவிடுவார்களே?

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதில் அடியைக் காயமென்று யாரும் படிக்கவில்லை. அப்படியே படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அண்ணாச்சி. முழங்கையில் வடு இருக்கிறது.