புதுப்பிப்பு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்: என்கிட்ட இருக்கிறது பழைய பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் ஸ்லாட்டின் பழைய தலைமுறை) மதர்போர்டு, 450 வாட் பவர் சப்ளை. 1080பி கேமுக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியா, ஆர்டிஎக்ஸ் 3050-ஆ, ஆர்எக்ஸ் 6600-ஆ என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

6500 எக்ஸ்டியை முதலிலேயே விட்டுட்டேன். அதுக்கு நாலே லேன்தான் (போர்டோட டேட்டா போய்வர்ற பாதை); கார்டோட 4 ஜிபி மெமரி நிறைஞ்சதும் என் போர்டில் திணறும்.

3050 வாங்குறவங்க தயவுசெய்து கவனமா இருங்க; அதே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று ரெண்டு கார்டு இருக்கு. முதல் கடையில், "ரெண்டும் ஒண்ணுதான் சார், மெமரி மட்டும்தான் கம்மி" என்று 6 ஜிபி கார்டை நீட்டினாங்க. ஒண்ணு இல்லவே இல்லை. 8 ஜிபியில் 2560 கோர் (கணக்கு போடுற யூனிட்), மெமரி பாதையோட அகலம் 128 பிட். 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் எத்தனை பேர் ஏமாறுவாங்களோ! ஆனால் அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்தான் இழுக்கும். சின்ன பவர் சப்ளை இருக்கிறவங்களுக்கு அது நல்லதுதான்.

கடைசியில் 6600 எடுத்தேன். 132 வாட், ஒரே 8 பின் கேபிள், கேமில் 3050-ஐ விட நல்ல வேகம். பிளெண்டர் (3டி மென்பொருள்) வேலை இருந்திருந்தால் 3050 8 ஜிபிக்கே போயிருப்பேன்.

ஏசி இல்லாத ரூம். மே மாத வெயிலில் டெம்பரேச்சர் எவ்வளவு வருதுன்னு இங்கேயே போடுறேன்.