நகர்ந்தானா, நகர்த்தினோமா? மேசையில் நடந்த கதைகளைச் சொல்லுங்கள்

முள்ளுக்காட்டு ட்ரூயிட்:

போன ஞாயிறு ஒரே ஒரு ஓகரை (முரட்டு ராட்சதன்) முன்னிட்டு எங்கள் மேசையில் இருபது நிமிடம் சண்டை. ஓகரோடு இல்லை, எங்களுக்குள்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், எல்லோரும் ஐந்தாம் லெவல். நான் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி. என் முறை முதலில் வந்தது, ஸ்பைக் குரோத் மந்திரம் போட்டேன். ஓகர் நிற்கிற இடத்தையே நடுவாக வைத்து, சுற்றி இருபது அடிக்குத் தரையெல்லாம் முள். அதற்குள் ஒவ்வொரு ஐந்தடி நகர்வுக்கும் இரண்டு நாலுமுகப் பகடை சேதம்.

ஓகருக்குப் புத்தி 5. கண்ணெதிரே முள் முளைத்ததைப் பார்த்துவிட்டும் நேராக எங்களை நோக்கி நடந்தது. வேகம் 40 அடி, முள்ளில் பாதிதான் செல்லும். ஆக இருபது அடி, எட்டுப் பகடை, 21 சேதம். விளிம்பில் வந்து நின்று மூச்சு வாங்கியது.

அடுத்தது எங்கள் வார்லாக், அமானுஷ்ய சக்தியோடு ஒப்பந்தம் போட்ட மந்திரவாதி. எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்தில் இரண்டு கதிர், இரண்டும் பட்டன. சேதம் 12, 9. அவனிடம் ரிப்பெல்லிங் பிளாஸ்ட் இருக்கிறது, ஒவ்வொரு கதிரும் பத்தடி பின்னால் தள்ளும். ஓகர் முள்ளின் மேலேயே சறுக்கிக்கொண்டு நடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மறுபடி எட்டுப் பகடையைக் கையில் அள்ளினேன்.

"எதுக்கு அது?" என்றார் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்.

"இருபது அடி போயிருக்குல்ல?"

"அதுவா நகரலையே. நீங்கதானே நகர்த்துனீங்க. நகர்ந்தாத்தான் சேதம்னு போன வாரம் நீயே சொன்னே."

சொன்னது உண்மைதான். மந்திரத்தைத் தமிழில் விளக்கும்போது "முள்ளுக்குள்ள நகர்ந்தா அடி" என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்தோம். ஆங்கிலத்தில் இருப்பது வெறும் 'மூவ்ஸ்'. தானாக நடந்தாலும் அதே சொல், பிறர் தள்ளிப் போனாலும் அதே சொல். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று எழுதிப் பார்த்தோமே, அந்த வித்தியாசமே அங்கே கிடையாது. தமிழில் சொன்ன அந்த நொடியில் நான் விதியையே பாதியாக வெட்டிவிட்டிருக்கிறேன்.

அப்புறம் வாய்ப்புத் தாக்குதல் (எதிரி நம் எட்டை விட்டு விலகும்போது உடனே அடிக்கும் வாய்ப்பு) விதியை எடுத்துக் காட்டினேன். எதிரியை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போனால் அது பொருந்தாது என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. விலக்க வேண்டிய இடத்தில் விலக்கத் தெரிந்தவர்கள் ஸ்பைக் குரோத்தில் விலக்கவில்லை என்றால், தள்ளினாலும் முள் குத்தும் என்றுதானே அர்த்தம்? டிஎம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரி, உருட்டு" என்றார்.

18 விழுந்தது. 21, 21, 18, மொத்தம் 60. ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க்கணக்கு. நகர்த்தியது கணக்கில் வராது என்று முடிவாகியிருந்தால் அது 17 பாயிண்டோடு எழுந்து வந்து என் மண்டையில் கட்டையைப் போட்டிருக்கும்.

இப்படி இரண்டு சக்திகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உங்களுக்கு நடந்தது என்ன? ஜெயித்த கதைதான் வேண்டும் என்பதில்லை.

சுருதி தப்பிய பார்ட்:

தோற்ற கதை என்னிடம் இருக்கிறது, சகோ. அதுவும் இதே 'நகர்' விவகாரம்தான்.

டிஸனன்ட் விஸ்பர்ஸ் என்று பார்டுக்கு (பாட்டால் மந்திரம் போடும் பாணன்) ஒரு முதல் லெவல் மந்திரம். காதுக்குள் அபஸ்வரம் கேட்கும், விஸ்டம் சேவில் (மந்திரத்தைத் தாங்க உருட்டும் பகடை) தோற்றவன் அலறிக்கொண்டு ஓடுவான். தன் ரியாக்ஷனை (பிறர் முறையில்கூடச் செய்யக்கூடிய எதிர்வினை) செலவழித்துத் தன் காலாலேயே ஓடுகிறான் என்பதால் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் வாய்ப்புத் தாக்குதல் கிடைக்கும். பயத்தில் ஓடினாலும் விதியின் கண்ணில் அது தன்வினை!

கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருவனை நடுவில் நிறுத்தியிருந்தோம். என் பக்கம் முதுகைக் காட்டி அவனுக்கு முன்னால் ஃபைட்டர், இடப்பக்கம் ரோக், வலப்பக்கம் பலாடின். ரோக் தன் முறையில் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் பகடை தரும் தாக்குதல்) போட்டுவிட்டான். ஆனால் அந்தச் சக்தி ஒரு டர்னுக்கு (ஒருவருடைய முறை) ஒரு தடவை, ஒரு ரவுண்டுக்கு (எல்லோருடைய முறையும் சேர்ந்த சுற்று) ஒரு தடவை அல்ல. ஆகவே என் டர்னில் தலைவன் ஓடினால் ரோக் மறுபடியும் மூன்று ஆறுமுகப் பகடையைச் சேர்த்து உருட்டலாம். இரண்டு வாரமாக இதற்குத்தான் திட்டம்.

தலைவன் சேவில் தோற்றான், ஓட ஆரம்பித்தான். முதல் அடியிலேயே ஃபைட்டரின் எட்டுக்கு வெளியே போகிறான், ரோக், பலாடின் இருவருக்கும் இன்னும் மூலைவாக்கில் எட்டுகிற தூரம். ஃபைட்டர் வெட்டினான், பட்டது. நான் கைதட்டக்கூடத் தொடங்கிவிட்டேன். அப்போது ஃபைட்டர் தயங்கித் தயங்கி, "எனக்கு சென்டினல் இருக்கு" என்றான்.

சென்டினல் உள்ளவனின் வாய்ப்புத் தாக்குதல் பட்டால் எதிரியின் வேகம் பூஜ்யம். தலைவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அவன் விலகவே இல்லை, அதனால் ரோக்குக்கும் ஒன்றுமில்லை, பலாடினுக்கும் ஒன்றுமில்லை. நம் ஆளே நம் வலையை அறுத்தான். ரியாக்ஷனை எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஃபைட்டர் சும்மா இருந்திருக்கலாம். இது எனக்கு உறைத்தது வீட்டுக்குப் போகும் வழியில்.

கத்திமுனை:

ஒரு சின்ன சந்தேகம். அந்தத் தலைவன் மேல் யாராவது பூமிங் பிளேடு மந்திரம் போட்டு வைத்திருந்தால், ஓடும்போது அதுவும் வெடித்திருக்குமா?

சுருதி தப்பிய பார்ட்:

வெடிக்காது. அதில் 'விருப்பத்தோடு நகர்ந்தால்' என்று இருக்கிறது. மந்திரம் விரட்டி ஓடுபவன் விருப்பத்தோடு ஓடவில்லையே. ஆக ஒரே ஓட்டத்துக்கு வாய்ப்புத் தாக்குதல் உண்டு, பூமிங் பிளேடு கிடையாது.

திரைக்குப் பின்னால்:

நான் எட்டு வருடமாக டிஎம். மேசையில் தமிழில்தான் பேசுகிறோம். ட்ரூயிட் சொன்ன தொல்லை எனக்குப் பழகிப் போனது. அதற்காக அட்டைகளே எழுதி வைத்திருக்கிறேன். 'நகர்ந்தாலும் நகர்த்தினாலும்' என்று ஒரு கட்டு, 'தன் நகர்விலோ ஆக்ஷனிலோ ரியாக்ஷனிலோ நகர்ந்தால்' என்று ஒரு கட்டு, 'மனசோடு நகர்ந்தால்' என்று ஒரு கட்டு. ஸ்பைக் குரோத், வாய்ப்புத் தாக்குதல், பூமிங் பிளேடு மூன்றும் ஆளுக்கொரு கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டதால், அந்தப் பகுதியை மொழிபெயர்த்துப் பிறருக்குக் கொடுக்கவும் தடையில்லை.

என்னையே விழ வைத்தது ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரம். அதைப் போட்ட கிளெரிக்கைச் (தெய்வ சக்தியால் மந்திரம் போடுபவர்) சுற்றிப் பதினைந்து அடிக்கு ஆவிகள் சுழலும். எங்கள் கிளெரிக் ஆறு கோப்ளின்களுக்கு (குட்டி அரக்கர்கள்) நடுவே புகுந்து ஓடிவிட்டு, "ஆறுக்கும் சேவ் போடுங்க" என்றாள். நான் மறுத்தேன். 2014 புத்தகத்தில் கோப்ளின் அந்த வட்டத்துக்குள் நுழைய வேண்டும், அல்லது அங்கே தன் டர்னைத் தொடங்க வேண்டும். வட்டம் கோப்ளின் மேல் வந்து விழுந்தால் அது நுழைவாகாது. அவள் தன் புத்தகத்தைக் காட்டினாள். அது 2024 திருத்தம். அதில் வட்டம் அவர்கள் இடத்துக்கு வந்தாலே சேவ். இரண்டு பேரும் சரி, புத்தகம்தான் வேறு. மூன்று மாதமாக ஒரே மேசையில் இரண்டு பதிப்பு ஓடியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

உதை வாங்கிய பார்பேரியன்:

நகர்வை விடுங்கள். என் கதையில் நான் நகரவே இல்லை.

எங்கள் விசார்ட் என் மேல் ஹேஸ்ட் மந்திரம் போட்டான். இரட்டை வேகம், கூடுதல் ஆக்ஷன், ஏசி (அடி படாமல் காக்கும் எண்) இரண்டு கூடுதல். நான் ரேஜில் (வெறி நிலை) இருந்தேன், ரெக்லஸாக (என்னை அடிப்பதும் எளிதாகும்படி தற்காப்பை விட்டு) வேறு வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாறை மேலிருந்து ஒரு கோப்ளின் விசார்டை அம்பால் அடித்தது. 7 சேதம்தான். மந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கான்சன்ட்ரேஷனைக் காப்பாற்ற 10 வேண்டும். அவனுக்கு விழுந்தது 4, கான்ஸ்டிடியூஷனுக்கு 2 சேர்த்து 6.

ஹேஸ்ட் போனால் சும்மா போகாது. வாங்கியவன் தன் அடுத்த டர்ன் முடியும்வரை நகரவும் முடியாது, ஆக்ஷன் எடுக்கவும் முடியாது. அதோடு இன்னொரு இடி. என் டர்ன் முடியும்போது, போன டர்னுக்குப் பிறகு நான் எதிரியைத் தாக்கவும் இல்லை, சேதம் வாங்கவும் இல்லை என்றால் ரேஜும் அணைந்துவிடும். என் பக்கத்தில் இருந்த எதிரிகளை எல்லாம் நானே முடித்துவிட்டிருந்தேன். மிச்சமிருந்த கோப்ளின்கள் எல்லாம் விசார்டையே குறி வைத்தன. என்னை அடிக்க ஆளே இல்லை!

"அப்ப நான் அடிக்கிறேன்" என்றான் விசார்ட். பாவம், செய்த தப்புக்குப் பிராயச்சித்தம். ஓடி வந்து உதைத்தான். ரெக்லஸ் இன்னும் நிற்பதால் அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) வேறு, உதை பட்டது. வெறுங்கை அடிக்கு சேதம் ஒன்று கூட்டல் பலத்துக்கான எண். அவன் பலம் 8, அதற்கான எண் கழித்தல் ஒன்று. மொத்தம் பூஜ்யம். பூஜ்யம் சேதத்தில் சேர்த்தியில்லை.

அடுத்து கிளெரிக் வந்தார். பலம் 14, அதற்கான எண் இரண்டு. ஒன்றும் இரண்டும் மூன்று. ரேஜில் எனக்கு அடிபடும் சேதம் பாதி, கீழ்நோக்கி முழுமைப்படுத்தினால் ஒன்று. அந்த ஒரு பாயிண்டில் என் ரேஜ் பிழைத்தது. எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் அந்த கிளெரிக்கை 'வைத்தியர்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

அந்தகார வார்லாக்:

டார்க்னஸ் என்னும் இருட்டு மந்திரம் போட்டு, டெவில்ஸ் சைட் சக்தியால் நான் மட்டும் உள்ளே பார்க்கும் அந்தப் பழைய ஜோடி. எல்லா வார்லாக்கும் ஒரு தடவை செய்து, கூட்டத்திடம் திட்டு வாங்கிய வித்தைதான். ஆனால் எனக்கு நடந்தது திட்டைவிட வேடிக்கை.

இருட்டுக்குள் நின்று நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். ரேஞ்சர் தூரத்திலிருந்து இருட்டுக்குள் குருட்டாம்போக்கில் எய்கிறாள். அவளுக்கு இலக்கு தெரியாது, அது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுப்பது). 150 அடிக்கு அப்பால் என்பதால் இன்னொரு டிஸ்அட்வான்டேஜ். ஆனால் இலக்குக்கு அவளைத் தெரியாது, அது அட்வான்டேஜ். இரண்டுக்கு ஒன்று என்று கழிக்க மாட்டார்கள், ஒன்று வந்தாலே மொத்தமும் ரத்து. சாதாரண உருட்டல். வெளிச்சத்தில் அதே தூரத்துக்கு எய்திருந்தால் அவளுக்கு இதைவிட மோசம்.

இதற்குள் நான் அடி வாங்கி 3 பாயிண்டுக்கு வந்துவிட்டேன். "ஹீலிங் வேர்ட் போடுங்கப்பா!" என்று கத்தினேன். கிளெரிக் கையை விரித்தாள். அந்த மந்திரத்துக்கு ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும், நானோ நான் போட்ட இருட்டுக்குள் இருக்கிறேன். "இருட்டை அணைச்சுட்டு வா" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. அடுத்த அடியில் விழுந்தேன். விழுந்தவன் நினைவிழந்தான், கான்சன்ட்ரேஷன் போயிற்று, இருட்டும் போயிற்று. "இப்பத் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஹீலிங் வேர்ட் போட்டாள்.

முள்ளுக்காட்டு ட்ரூயிட்:

உதைக் கதையை எங்கள் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். நேற்று மறுபடி ஆடினோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை எதிர்ப்பக்கமும் ஒரு ட்ரூயிட். டிஎம் வாயைத் திறக்கவே இல்லை, எங்களுக்கு முன்னால் தரையில் ஒரு வட்டம் வரைந்தார். ஸ்பைக் குரோத். நாங்கள் ஒருவர்கூட காலை வைக்கவில்லை, விளிம்பிலேயே நின்றுகொண்டோம். எங்கள் வார்லாக் ஒரு படி மேலே போய், "நாங்க என்ன ஓகரா?" என்று சிரித்தான்.

அந்த ட்ரூயிட் தார்ன் விப் வீசினாள். முள் சாட்டை, பட்டால் பத்தடி தன் பக்கம் இழுக்கும். வார்லாக் மேல் பட்டது.

"நான் நகரலையே, அவதானே நகர்த்துனா!" என்றான் வார்லாக்.

டிஎம் நாலு நாலுமுகப் பகடையை எடுத்து, ஒன்றும் பேசாமல் என் முன்னால் வைத்தார்.