கடலில்லாத ஊரில் நங்கூரச் சங்கிலி தேடிய கதை

திருநகர்வாசி:

படகுக்கு நங்கூரமும் சங்கிலியும் வாங்கியதைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள்.

நான் இருப்பது மதுரையில் என்றாலும், எங்கள் படகு கொச்சி போல்காட்டி மரினாவில் (படகுத் துறையில்) நிற்கிறது. 36 அடி, ஏழு டன் இருக்கும். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் சேர்ந்து வாங்கியது. படகோடு வந்த நங்கூரம் சி.க்யூ.ஆர். என்ற பழைய வகை; பார்த்தால் கலப்பைக் கொழு மாதிரியே இருக்கும். 1933-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜி.ஐ. டெய்லர், கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. அவரும் ஒரு பாய்மரப் படகுக்காரர்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் இறுகிய மணலில் அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு, உள்ளே இறங்காமல் இழுபடும். இப்போது வருகிற ஸ்பேடு, ராக்னா வகைகளில் தகடு குழிவாக இருக்கும், முனை நேராக மணலைக் குத்தும். ஒரே எடைதான், பிடிப்பில் பெரிய வித்தியாசம். 20 கிலோ ராக்னா என்று முடிவு செய்ததில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. சண்டையெல்லாம் சங்கிலிக்குத்தான்.

மாலத்தீவுப் பக்கம் போகும் யோசனை இருக்கிறது. அங்கே பல இடங்களில் 15, 20 மீட்டர் ஆழத்தில்தான் நங்கூரம் போட வேண்டும். கணக்கு உங்களுக்குத் தெரியும்: ஆழத்தோடு, தண்ணீருக்கு மேல் படகு முனையின் உயரத்தையும் ஓதத்தில் ஏறும் தண்ணீரையும் சேர்த்து, அதைப் போல ஐந்து மடங்கு நீளத்துக்குச் சங்கிலி விட வேண்டும். ஓதமும் சேர்த்து 4 மீட்டர் தண்ணீர், 1 மீட்டர் முனை என்றால் 25 மீட்டர் போதும். 20 மீட்டர் தண்ணீரில் அதே ஐந்து மடங்கு 105 மீட்டர். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ, 240 கிலோவைப் படகின் மூக்கில் ஏற்றினால் பாய் விரித்து ஓடிய மாதிரிதான்! கடைசியில் 60 மீட்டர் சங்கிலி, அதற்குப் பின்னால் நைலான் கயிறு என்று நின்றோம். 8 மி.மீ. போதும் என்றார் ஒரு நண்பர். மீட்டருக்கு 1.4 கிலோதான், உண்மை. ஆனால் எங்கள் விண்ட்லாஸில் (சங்கிலியை இழுத்து ஏற்றும் இயந்திரம்) இருக்கும் சக்கரம் 10 மி.மீ.க்கு வார்த்தது.

சங்கிலி ஏறி இறங்கும் அந்தக் குழிச் சக்கரத்தை ஜிப்ஸி என்பார்கள். முதன்முதலாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். 10 மி.மீ. என்றாலே எல்லாம் ஒரே சங்கிலி கிடையாது. டின் 766 என்ற ஜெர்மன் தரக் கணக்கில் வந்த 10 மி.மீ. வளையத்தின் உள்நீளம் 28 மி.மீ., ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரக் கணக்கில் 30. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஜிப்ஸி ஒவ்வொரு வளையத்தையும் அதன் குழியில் உட்கார வைத்துத்தான் இழுக்கும். பத்து வளையத்துக்குள் 20 மி.மீ. தள்ளிப் போனால் சங்கிலி குழியிலிருந்து எகிறும். நல்ல காற்றில், பத்து மீட்டர் தண்ணீரில் எகிறினால் மொத்தச் சங்கிலியும் சடசடவென்று கடலுக்குள் ஓடும். அந்த நேரம் பக்கத்தில் யார் விரலும் இருக்கக் கூடாது.

இதெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, சும்மா பார்ப்போமே என்று வெளி வீதிப் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தேன்.

"சங்கிலியா? எதுக்குண்ணே, லாரிக்கா, யானைக்கா?"

"படகுக்கு."

"தெப்பக்குளத்துக்கா?"

கொச்சி என்று சொன்னதும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார். பையன் மூன்று சாக்கை இழுத்து வந்து கொட்டினான். முதலாவது பளபளவென்று வெள்ளிக் கொலுசு நிறம். அது மேலோட்டமான துத்தநாகப் பூச்சு, சில மைக்ரான்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு மழைக்காலம் தாங்காது. கடலுக்கு வேண்டியது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது; அது மங்கிய சாம்பல் நிறத்தில், தொட்டால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். இரண்டாவது நீள வளையம், லாரிக்குப் பின்கதவு கட்டுவது. ஜிப்ஸிக்கு ஆகவே ஆகாது.

மூன்றாவதுதான் ஆசை காட்டியது. கறுப்பாக, குட்டை வளையம், ஒரு வளையத்தில் 8 என்று முத்திரை. செயின் பிளாக்கில் பாரம் தூக்கும் கிரேடு 80 (கிரேடு எண் கூடினால் பலம் கூடுதல்). "10 எம்.எம். மூணு டன் தூக்கும்ணே, இதுக்கு மேல என்ன வேணும்?" அவர் சொன்னது சரிதான், வேலைப் பளு, அதாவது பயமில்லாமல் ஏற்றக்கூடிய பாரம், 3.15 டன். நான் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தரையில் உட்கார்ந்து அளந்தேன். உள்நீளம் 30, எங்கள் ஜிப்ஸிக்கு வேண்டியது 28. "என்னண்ணே, நகைக் கடையில வாங்குற மாதிரி அளக்குறீக?" என்றார். அளவு இருக்கட்டும், அதை விடப் பெரிய தடை முலாம். கறுப்புச் சங்கிலியை அப்படியே கடலில் போட முடியாது, துத்தநாக முலாம் பூச வேண்டும். அதில் என்ன சிக்கல் என்பதை நம் கப்பலூர் நண்பர் என்னை விட நன்றாகச் சொல்வார்.

கடைசியில் துறைமுகத்தில் கப்பல் சாமான் சப்ளை செய்யும் ஒருவர் மூலம் கிரேடு 40, டின் 766 சங்கிலி வந்தது. சோதனைச் சான்றிதழோடுதான் எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 10 மி.மீ. கிரேடு 40 அறுவதற்கு ஆறு டன்னுக்கு மேல் வேண்டும். அதுவே கிரேடு 30 என்றால் ஐந்து டன். பணம் கொடுக்கும் முன் ஒரு மீட்டர் துண்டு வாங்கிக்கொண்டு போய் ஜிப்ஸியில் சுற்றிப் பார்த்தோம். கடைக்காரர் துண்டு தரமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

கயிறு மட்டும் மதுரையில் வாங்கினேன். நைலான் என்று கேட்டால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலின் கயிற்றைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். மிதந்தால் நைலான் இல்லை. டீக்கடை டம்ளரிலேயே இந்தச் சோதனையை முடித்தேன், டீ மாஸ்டர் முறைத்தார்.

கப்பலூர் பட்டறைக்காரன்:

அண்ணே, என் பெயரை இழுத்துவிட்டதால் சொல்கிறேன். முலாம் பூசும் முன் இரும்பை அமிலத்தில் ஊறவைத்துத் துரு எடுப்பார்கள். அப்போது வரும் ஹைட்ரஜன் கொஞ்சம் இரும்புக்குள் இறங்கும். சாதா இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கிரேடு 80 மாதிரிப் பதமேற்றிய இரும்பு இதனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவுமே தெரியாது. அப்புறம் துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி. அந்தச் சூட்டில் ஏற்றிய பதம் கொஞ்சம் இறங்கவும் செய்யும். கிரேடு 30, 40 சங்கிலி என்றால் பழசானதும் தைரியமாக மறுமுலாம் போடலாம். தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது நன்றாக உதறச் சொல்லுங்கள், இல்லையென்றால் வளையத்துக்கு வளையம் ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று. ஒருத்தர் இணையத்தில் எடுத்த படத்தைக் காட்டி, இதே மாதிரி ஒரு நங்கூரம் வெட்டிக் கொடு என்றார். தகட்டை வளைப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் சங்கிலி மாட்டும் அந்தத் தண்டு இருக்கிறதே, அது பக்கவாட்டு இழுப்பைத் தாங்க வேண்டும். காற்று திரும்பிப் படகு சுற்றும்போது நங்கூரம் மண்ணுக்குள் இருக்கும், தண்டை மட்டும் பக்கத்தில் இழுக்கும். நல்ல கம்பெனிகள் அதற்கு உயர்பலத் தகடு போடுகிறார்கள். என்னிடம் இருப்பது மைல்டு ஸ்டீல். அதே கனத்தில் போட்டால் வளையும், வளையாத கனத்தில் போட்டால் பின்பாரம் கூடி முனை குத்தாது. வேண்டாம் சார் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

பாம்பன் பையன்:

நான் இப்போது வேலைக்காக கே.புதூரில் இருக்கிறேன், வீடு பாம்பன். எங்கள் நாட்டுப்படகுகளில் நாலு கொக்கி நங்கூரம்தான். கடலடியில் பார், பாறை உள்ள இடத்தில் அது போல் எதுவும் கவ்வாது. கவ்வினால் விடாது, அதுதான் தொல்லை. அதனால் கொக்கியின் அடிப்பக்கத்தில் தனிக்கயிறு கட்டி ஒரு மிதவை விடுவார்கள். சிக்கினால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக உருவிவிடலாம். அண்ணன் மாலத்தீவு போனால் பவளப்பாறைக்கு நடுவே இது உதவும்.

எங்கள் பக்கம் வந்தால் காற்றைப் பார்த்துவிட்டு நங்கூரம் போடுங்கள். வாடைக் காலத்தில் (வடகிழக்குக் காற்று) வடகடல், அதாவது பாக் விரிகுடா, கொந்தளிக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அடங்கிக் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று எடுத்தால் அப்படியே தலைகீழ். எவ்வளவு நல்ல நங்கூரம் என்றாலும் தப்பான கடல் பக்கம் போட்டால் ராத்திரி முழுக்க முழித்துத்தான் கிடக்க வேண்டும். வடகடலில் கடல்புல் அதிகம். புதுவகை நங்கூரமும் புல் மேல் வழுக்கும், வேரோடு பிடுங்கிக்கொண்டும் வரும். கடல்பசு மேய்கிற இடம் அது, வடகடலில் ஒரு பகுதியை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளையாகத் தெரியும் மணல் திட்டைப் பார்த்துப் போடுங்கள். தென்கடலில் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே நங்கூரத்தோடு போய் நிற்கும் யோசனையே வேண்டாம்.

உசிலம்பட்டி டு லங்காவி:

இங்கே மலேசியாவின் லங்காவித் தீவில் பெரும்பாலான பொருள்களுக்குச் சுங்க வரி இல்லை என்பதால் சுற்றுகிற படகுக்காரர்கள் நங்கூரம், சங்கிலி மாற்றுவதை இங்கே வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி திருநகர் அண்ணனுக்கு: ஷேக்கிள் (சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஆணி வளையம்) எப்படி, கயிற்றின் கடைசி முனை எப்படி? சங்கிலி முறுக்காமல் இருக்க எவர்சில்வர் சுழலி போட்டீர்களா?

திருநகர்வாசி:

சுழலி போடவில்லை தம்பி. பக்கவாட்டு இழுப்பில் முதலில் போவது அதுதான். வேலைப் பளு முத்திரை உள்ள முலாம் பூசிய ஷேக்கிள், ஆணியைக் கம்பியால் கட்டியாயிற்று. கயிற்றின் கடைசி முனையைச் சங்கிலி அறைக்குள் ஒரு வளையத்தில் கட்டியிருக்கிறோம், ஆபத்தென்றால் மேல்தளத்திலிருந்தே கத்தியால் அறுக்கிற மாதிரி. கப்பலில் 27.5 மீட்டர் சங்கிலியையும் ஒரு ஷேக்கிள் என்றுதான் எண்ணுவோம்; அப்படிப் பழகிய கை, அதனால் அடையாளப் பெயின்டை எங்கே அடிப்பது என்று இன்னும் தகராறு. இப்போதைக்கு 10 மீட்டருக்கு ஒரு பட்டை, சிவப்பு. நங்கூரம் போட்டதும் சங்கிலியில் கொக்கி மாட்டி, எட்டு மீட்டர் நைலான் கயிற்றில் பாரத்தை இறக்கிவிடுகிறோம். விண்ட்லாஸ் மேல் இழுப்பு வராது, ராத்திரி சங்கிலி குலுங்கும் சத்தமும் உள்ளே கேட்காது. பாம்பன் தம்பி, மிதவைக் கயிறு எத்தனை மில்லி போடுவீர்கள்?