கிரேக்க-துருக்கிப் பட மாலையில் 1964 எங்கே போனது?

கரையோரம்:
போன வெள்ளிக்கிழமை இங்கே பெர்லினில் ஒரு சின்ன அரங்கில் கிரேக்க, துருக்கி சுயாதீனப் படங்களுக்கென்று ஒரு மாலை நடந்தது. நாட்டுக்கு ஒரு படம். கிரீஸிலிருந்து ஆதினா ரேச்சல் சங்காரியின் 'அட்டன்பெர்க்' (2010), துருக்கியிலிருந்து நூரி பில்கே ஜெய்லானின் 'உஸாக்' (2002). இரண்டும் நல்ல படங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்குள் நடந்த எதையுமே தொடாமல் அனுப்பிவிட்டார்கள். 1923இல் சுவிட்சர்லாந்தின் லோசானில், கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ளக் கையெழுத்தானது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவிலிருந்து கிரீஸுக்கு வந்த கிறித்தவர்கள், முன்பே தப்பி வந்தவர்களையும் சேர்த்து, சுமார் 12 லட்சம் பேர். எதிர்ப்பக்கம் போன முஸ்லிம்கள் சுமார் 4 லட்சம். 1955 செப்டம்பரில் இஸ்தான்புல் கிரேக்கர்களின் கடைகளும் தேவாலயங்களும் உடைக்கப்பட்டன. 1964இல் சைப்ரஸ் தகராறு முற்றியபோது, இஸ்தான்புல்லில் இருந்த கிரேக்கக் குடியுரிமைக்காரர்கள் சுமார் 12,000 பேரைத் துருக்கி வெளியேற்றியது. கையில் 20 கிலோ பெட்டிதான். இதில் எதுவுமே இல்லையென்றால் இந்த இரண்டு நாடுகளை ஏன் சேர்க்க வேண்டும்?

நிழல்தேடி:
நானும் அங்கே இருந்தேன். நீங்கள் சொன்ன வரலாறு அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு கிரேக்க இயக்குநரைக் கூப்பிட்டால் துருக்கிக்காரரைப் பற்றித்தான் பேச வேண்டும், துருக்கி இயக்குநரைக் கூப்பிட்டால் கிரேக்கரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 'அட்டன்பெர்க்'கில் அப்பா சாகக் கிடக்கிறார். மகள் அவரோடு கட்டிலில் குதித்து, விலங்குகளைப் போலச் சத்தம் போட்டு விளையாடுகிறாள். அலுமினிய ஆலைக்காகவே 1960களில் கட்டிய அஸ்ப்ரா ஸ்பீத்யா ஊரில் எடுத்த படம். நாம் சுற்றுலா விளம்பரத்தில் பார்க்கும் நீலக் குவிமாட கிரீஸ் அதில் ஒரு ஃபிரேம்கூட இல்லை. இந்த ஆலையூர் கிரீஸை வேறு யார் காட்டுவார்கள்?

கரையோரம்:
தனியாகப் போடட்டும், நான் முதல் ஆளாக வருவேன். பெயரில் இரண்டு நாடும் இருக்கும்போது அவர்களுக்குள் நடந்ததை ஏன் தொடவில்லை என்பதுதான் என் கேள்வி. அரங்கில் பாதிப் பேர் துருக்கியர், பாதிப் பேர் கிரேக்கர். 1960இல் கிரீஸோடும் 1961இல் துருக்கியோடும் மேற்கு ஜெர்மனி வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டபோது வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களை ஒன்றாக உட்காரவைப்பது அடிக்கடி நடப்பதில்லை. கிடைத்த வாய்ப்பை வீணாக்கலாமா?

பொன்னி_ரா:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டும் ஒன்றாக முடியும். யெஷிம் உஸ்தாவோலு என்ற துருக்கிப் பெண் இயக்குநர் 2004இல் 'புலுத்லர பெக்லெர்க்கென்' எடுத்தார். மேகங்களுக்குக் காத்திருத்தல் என்று பொருள். கருங்கடல் கரையில் ஆயிஷே என்று வாழும் மூதாட்டி உண்மையில் எலெனி. ஊரைவிட்டு விரட்டப்பட்ட பொந்தோஸ் கிரேக்கக் குழந்தை, ஒரு துருக்கிக் குடும்பத்தில் வளர்ந்தவர். அக்கா இறந்தபிறகு, ஐம்பது வருடம் அடக்கிவைத்த கிரேக்க மொழி அவர் வாயில் வந்துவிடுகிறது. அந்தப் படத்தைப் போட்டிருந்தால் கரையோரம் சொல்வதும் நடந்திருக்கும், படமும் படமாக இருந்திருக்கும். கிரீஸும் பங்கேற்ற கூட்டுத் தயாரிப்பு வேறு.

நிழல்தேடி:
அருமையான படம் பொன்னி, மறுக்கவில்லை. என் பயம் வேறு. இப்படிப்பட்ட மாலைகளுக்கு என்று ஒரு வகைப் படமே உருவாகிவிடுகிறது. காபி, மசாலா வாசம், பிரிந்த காதல், கடைசியில் கண்ணீர். பார்த்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

1982 கான் திரைப்பட விழாவை நினைத்துப் பாருங்கள். தங்கப்பனை விருது அந்த வருடம் இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டது. ஒன்று, யில்மாஸ் குனே சிறையிலிருந்தே எழுதி, ஷெரிஃப் கோரன் இயக்கிய 'யோல்'. விடுப்பில் வீடு திரும்பும் கைதிகளின் கதை. இன்னொன்று, கிரீஸில் பிறந்த கோஸ்டா-கவ்ராஸ் சிலியின் ராணுவ ஆட்சியைப் பற்றி எடுத்த 'மிஸ்ஸிங்'. அவர் துருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, குனே கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கிரீஸில் 1967 முதல் 1974 வரை ராணுவ ஆட்சி, துருக்கியில் 1980இல் ராணுவப் புரட்சி. அந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளும்! 'யோல்' துருக்கியில் 1999 வரை திரைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரையோரம்:
இது நல்ல வாதம், யோசிக்கவைக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் அதிகாரம் நேருக்கு நேர் இருக்கிறது. 'உஸாக்'கில் என்ன இருக்கிறது? வேலை தேடி இஸ்தான்புல் வந்த கிராமத்துப் பையன், அவனைப் பொறுக்க முடியாத உறவினர், பனி.

நிழல்தேடி:
அந்த எலியை மறந்துவிட்டீர்களே. சமையலறைப் பசைப்பொறியில் ஒட்டிக்கொண்டு கத்துகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே வைக்கிறார்கள், பூனைகள் நெருங்குகின்றன. யூசுஃப் திரும்பிப் போய் அந்தப் பையைச் சுவரில் அடித்துக் கொல்கிறான், எலி துடிக்கக் கூடாதென்று. படம் முழுக்க அவன் செய்யும் ஒரே இரக்கமான காரியம் அதுதான், பார்க்கவே கொடூரமாக இருக்கும். ஜெய்லான் தன் சொந்த வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய குழுவோடு, தானே ஒளிப்பதிவு செய்து எடுத்தது. யூசுஃபாக நடித்த மெஹ்மெத் எமின் தோப்ராக் அவருடைய உறவினர். கானில் சிறந்த நடிகர் விருது பகிர்ந்து கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் போய்விட்டார். சுயாதீனம் என்ற சொல்லும் அந்த மாலையின் பெயரில் இருந்தது, அதை யாரும் பேசவில்லை.

அப்புறம் ஒன்று. 'அட்டன்பெர்க்'கில் அப்பா தன்னைத் தகனம் செய்யச் சொல்கிறார் அல்லவா? அப்போது கிரீஸில் தகன மேடை கிடையாது, 2019இல்தான் முதல் மேடை வந்தது. அதனால் உடலை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. படம் முடிந்து விளக்கு போட்டதும், என் முன்வரிசையில் இருந்த ஒரு துருக்கிப் பெரியவர் பக்கத்து இருக்கை கிரேக்க அம்மாவிடம் ஜெர்மனில் கேட்டார்: "நிஜமாகவே அப்போது உங்கள் ஊரில் எரிக்க இடமில்லையா?" அப்போது இல்லை என்றார் அந்த அம்மா. "எங்கள் ஊரில் இப்போதும் இல்லை" என்றார் இவர். சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் கட்டவில்லையாம். கோட்டு மாட்டியபிறகும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், தங்களை எங்கே புதைக்க வேண்டும் என்று.

கரையோரம்:
நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன், இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நின்றிருப்பேன்.

ஆனாலும் விட மாட்டேன். அடுத்த மாலைக்கு பொன்னி சொன்ன படத்தையும், துருக்கி சைப்ரியட் தெர்விஷ் ஸயிமும் கிரேக்க சைப்ரியட் பனிக்கோஸ் கிரிசாந்துவும் சேர்ந்து எடுத்த ஆவணப்படத்தையும் போடச் சொல்லி அரங்குக்கு எழுதப்போகிறேன். சைப்ரஸில் நடந்த 1974 போரை இரண்டு பக்க மக்களும் நினைவுகூரும் படம் அது.

நிழல்தேடி:
எழுதுங்கள். எனக்கும் இரண்டு இருக்கை பிடித்துவையுங்கள்.