எம்டன் கதை சொல்லிப் பட்டறையைக் காப்பாற்ற முடியுமா?

கொருக்குப்பேட்டை லேத்:
திருவொற்றியூர் முதலாளி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய பட்டறை மூழ்கி ஆர்டர்கள் போனதாம். பதினெட்டு ஆட்களைக் கூட்டி, "ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்ட மறுநாள் சென்னையில் ஒருவரும் ஓடவில்லை, வேலைக்குப் போனார்கள்" என்று கதை சொன்னாராம். அந்தக் கதைதான் ஆட்களை வேலையை விட்டுப் போகாமல் நிறுத்தியதாம். ஐயா, ஓடினார்கள்! 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும் ஊர் மூட்டை கட்டியது. என் பாட்டியின் மாமியார் கைக்குழந்தையோடு மாட்டுவண்டி ஏறினார்.

திருவொற்றியூர் முதலாளி:
சிலர் போயிருக்கலாம். நான் சொன்னது மனத்திடத்தைப் பற்றி. வங்கித் தவணை, நனைந்த மோட்டார்கள், வராத பாக்கி என்று கணக்கை விரித்திருந்தால் பாதிப் பேர் அன்றே போயிருப்பார்கள். பட்டறை நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

கொருக்குப்பேட்டை லேத்:
நேற்று "ஒருவரும் ஓடவில்லை". இன்று "சிலர்". நாளைக்குள் பலர் ஆகிவிடுவார்கள். இருபத்தாறு வருடம் லேத் முன்னால் நின்றவன் நான். முதலாளி பொய் சொல்லும்போது தொழிலாளிக்குத் தெரியும், வாய் திறக்கமாட்டான், அவ்வளவுதான்.

ராயபுரம் ரயிலடி:
லேத் அண்ணன் சொல்வது சரி. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வதே அந்தப் பயத்தின் மிச்சம். ஆனால் அந்தக் கப்பலில் நம் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்ததை விட்டுவிட்டீர்களே?

கொருக்குப்பேட்டை லேத்:
இருந்ததற்குச் சான்று கொண்டு வாருங்கள். இன்னொரு கட்டுக்கதை வேண்டாம்.

ராயபுரம் ரயிலடி:
உங்கள் பாட்டியின் மாமியாருக்கு மட்டும் சான்று வேண்டாமா?

எர்ணாவூர்க்காரி:
அந்த டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கருப்புக் கோடு. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை. என் கணவர் வேலை செய்யும் பட்டறையிலும் முதலாளி ஆட்களைக் கூட்டினார். பழைய கதை எதுவும் சொல்லவில்லை. கோடு போட்ட நோட்டில் கையிருப்பை எழுதி, "இந்த வாரம் பாதிக் கூலி, பொங்கலுக்குள் மீதி, என் மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது" என்று சொல்லி நோட்டைக் கைமாற்றி விட்டார். அதைப் பார்த்துத்தான் இவர் நின்றார்.

திருவொற்றியூர் முதலாளி:
அம்மா, வளையலைச் சொன்னாரே, அதுவும் கதைதானே?

கொருக்குப்பேட்டை லேத்:
அது கணக்கு. பேச்சை மாற்றாதீர்கள். ஓடினார்களா, இல்லையா? 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது என் தாத்தாவின் அப்பா பி அண்ட் சி மில்லில் நெசவாளி. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களிடம் கூலியைப் பேசினார்கள், சாப்பாட்டு இடைவேளையைப் பேசினார்கள். நடக்காததை நடந்ததாகச் சொல்லி யாரையும் நிறுத்தவில்லை.

திருவொற்றியூர் முதலாளி:
அதே மில்லில் 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு என்ன ஆயிற்று? வென்றார்களா?

கொருக்குப்பேட்டை லேத்:
புளியந்தோப்புக் கலவரத்தில் அந்த வருடம் சிந்திய ரத்தம் தெரியாமல் பேசுகிறீர்கள். போன வருடம் போனஸ் விவாதத்திலும் இதே போலத்தான் எங்கள் ஆட்களை இளக்காரமாக எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

ராயபுரம் ரயிலடி:
உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொருக்குப்பேட்டை லேத்:
பார்த்திருக்கிறேன். ஓடவில்லை என்று அதில் எழுதியிருக்கிறதா?

திருவொற்றியூர் முதலாளி:
பூந்தமல்லி வரை போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தால் அதற்குப் பெயர் ஓட்டமா?

கொருக்குப்பேட்டை லேத்:
மூன்றாம் நாள் என்று உங்களுக்கு யார் சொன்னது?