ஏறும்போது சும்மா இருக்கும் முட்டி, இறங்கும்போது வலிக்கிறதே!

தண்ணீர்மலை நடையர்:
காலையில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படியேறுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 513 படியும் ஏறினேன், ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதி வழியில் வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால் சுரீர் என்றது. கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்த பாட்டி ஒருவர், "தம்பி, நோகிற காலை முதல்ல கீழே வைப்பா. ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோகிற கால். எனக்கு ஆஸ்பத்திரியில சொல்லிக்கொடுத்தது" என்றார். அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். அப்புறம் கிளினிக்கில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், வலி போனது. மறுபடி ஏறினேன், வலியும் வந்துவிட்டது. யாருக்காவது இப்படி?

டேவான் ஸ்மேஷ்:
ஓய்வு மட்டும் போதாது ஐயா. எனக்கு பேட்மிண்டன், சிமெண்டுத் தரை. ஸ்மேஷுக்கு எகிறிக் குதித்து இறங்கினால் சில்லுக்குச் சற்றுக் கீழே குத்தும். பிசியோ கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தியதும் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டேன்! அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், ஸ்டீராய்டு ஊசி அதைப் பலவீனமாக்கும் என்றார். ஊசி வேண்டாமென்று முடிவெடுத்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 விநாடி, ஐந்து முறை. தொடை நடுங்கும், ஆனால் வலி இறங்கும். பாட்டி சொன்னது அன்றைக்கு வீடு போய்ச் சேரத்தான் உதவும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
ஸ்மேஷ் தம்பி, பாட்டியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். கீழே விழாமல் இறங்குவதுதானே முதல் வேலை? எனக்கு கொடிமலை (பினாங்கு ஹில்) ஜீப் பாதை இறக்கத்தில் முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. இப்போது ஏறுவது நடந்து, இறங்குவது ரயிலில்.

நடையர் தம்பி, இறங்கும்போது உடம்புப் பாரத்தைத் தாங்கி மெதுவாக விடுவது தொடைத் தசை. அது தளர்ந்திருந்தால் சில்லுக்குச் சிரமம். ஓய்வில் வலி அடங்கும், தசைக்குப் பலம் வராது. அதனால்தான் வலி திரும்புகிறது. ஒரு சின்னப் படியில் நின்று மெதுவாக இறங்கிப் பழகுங்கள், இடுப்புக்கும் பயிற்சி கொடுங்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், குறையுங்கள். மலைக்குத் திரும்பும்போது முதலில் பாதிப் படி போதும். மினியாக் (மருந்து எண்ணெய்) தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, நடக்கையில் பட்டென்று மடங்கினாலோ மருத்துவரிடம் உடனே காட்டிவிடுங்கள்.