ஹீட்மேப்பில் ஏமாந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

நொய்யல்கரை:
வீட்டுத் திண்ணையில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சோளம், வறட்சியில் எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்தேன். தண்ணீர் விட்டது 6 சாம்பிள், காயப்போட்டது 6. ஹீட்மேப்பில் (வரிசைக்கு ஒரு ஜீன், பத்திக்கு ஒரு சாம்பிள், ஜீனின் இயக்கத்தை நிறத்தில் காட்டும் படம்; ஒத்த சாம்பிள்கள் பக்கத்தில் சேரும்) அவை 7, 5 எனப் பிரிந்து நின்றன. சில செடிகள் வறட்சியைத் தாங்கிவிட்டன என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, துறைக் கூட்டத்தில் 20 நிமிடம் பேசியும் முடித்திருந்தேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

அப்பா திருப்பூர் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவர். எனக்குப் பின்னால் நின்று லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, ரெண்டு லாட்டையும் எதுக்கு ஒண்ணாப் போட்டே?" என்றார்.

"ஒரே லாட்டுத்தானுங்கப்பா."

"இந்த ஏழும் ஒரு லாட்டு, அந்த அஞ்சும் வேற. மேலிருந்து கீழ வரைக்கும் அதே எடத்துல கலர் ஒடையுது பாரு."

குறிப்பேட்டை எடுத்தேன். 7 சாம்பிளில் ஆர்என்ஏ (ஜீன் இயங்குவதைக் காட்டும் மூலக்கூறு) பிரித்தது ஒரு நாள். கிட் தீர்ந்துபோய், மீதி 5-ஐப் பிரித்தது பத்து நாள் கழித்து, புதுக் கிட்டில். நான் பேசிய 20 நிமிடமும் கிட்டைப் பற்றித்தான். இரண்டு நாளிலும் இரு வகைச் செடியும் கலந்திருந்ததால், பிரித்த நாளையும் டீசெக்2 (ஜீன் எண்ணிக்கைகளை ஒப்பிடும் மென்பொருள்) மாடலில் சேர்த்து மீட்க முடிந்தது.

மஞ்சள்மண்டி:
எனக்கு ஈரோட்டு மஞ்சள், கிழங்கு. ஒரு ஜீன் மட்டும் அப்படிச் சிவந்து நின்றது. கைடு பேனாவால் வட்டம் போட்டு, "இதைப் பிடிங்க" என்றார். அந்த ஜீனை வேறு முறையில் அளந்து உறுதிசெய்ய, பிரைமர் வாங்கி மூன்று மாதம் ரியல் டைம் பிசிஆர் ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் மூல எண்ணிக்கையை (ஒவ்வொரு சாம்பிளிலும் அந்த ஜீன் எத்தனை முறை எண்ணப்பட்டது என்பதை) திறந்தேன்: ஒரு பக்கம் 3, 4, 2, மறுபக்கம் 6, 7, 5. வரிசைவாரி இசட் ஸ்கோர் (ஒவ்வொரு ஜீனையும் அதன் சொந்தச் சராசரியோடும் பரவலோடும் ஒப்பிட்ட மதிப்பு) போட்டால் 3-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசமும் 3000-க்கும் 6000-க்கும் உள்ளதும் ஒரே சிவப்பு. வட்டம் போட்ட அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாலக்காட்டுக்காற்று:
மஞ்சள்மண்டி, தப்பு இசட் ஸ்கோரில் இல்லைங்க. அது போடாவிட்டால் இலையில் ஒளிச்சேர்க்கை ஜீன்கள் நாலைந்தே நிறம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், மற்றது எல்லாம் வெளிறிப்போகும். எண்ணிக்கை குறைந்த ஜீன்களை முதலிலேயே வடிகட்டியிருக்க வேண்டும்.

என் கதை சின்னது. வாய்மொழித் தேர்வில் வந்தவர் என் படத்தைப் பார்த்து, "எனக்கு இதில் எல்லாம் ஒரே நிறம்" என்றார். அவருக்குச் சிவப்பு-பச்சை பிரிந்து தெரியாது. 1998-இல் ஜீன் தரவை இப்படி நிறத்தில் காட்டிய ஐசன் என்ற ஆய்வாளர் குழுவின் கட்டுரை வந்த நாளிலிருந்து அந்த இரு நிறமே வழக்கமாகிவிட்டது, நானும் யோசிக்காமல் போட்டிருந்தேன். நீலம்-வெள்ளை-சிவப்புக்கு மாறுங்கள். பூஜ்யம் வெள்ளையில் விழுகிறதா என்று பாருங்கள். சாம்பிளுக்கு மேலே ஒரு நிறப்பட்டை வைத்து, ஆர்என்ஏ பிரித்த நாளைக் காட்டுங்கள். நொய்யல்கரைக்கு அது இருந்திருந்தால் கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். ஹீட்மேப்பின் ஓரத்தில், ஒத்த சாம்பிள்களைக் கிளைகளாகச் சேர்த்துக் காட்டும் மரத்தையும் நம்பிவிடாதீர்கள். 12 சாம்பிள் என்றால் 11 கணு (இரு கிளை சேரும் இடம்), ஒவ்வொன்றையும் திருப்பி வைக்கலாம், 2048 வரிசை வரும், எல்லாமே அதே மரம். பக்கத்தில் நிற்பதெல்லாம் சொந்தமில்லை, எந்த உயரத்தில் சேர்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மஞ்சள்மண்டி:
வடிகட்டாதது என் தவறுதான், சரி. ஆனால் இசட் ஸ்கோரை நான் கேட்கவே இல்லைங்க. ஆர் என்ற நிரல் மொழியோடு வரும் ஹீட்மேப் கட்டளை, சொல்லாவிட்டாலும் வரிசைவாரியாக மாற்றிவிடும். அதுவும் மரத்தை மாற்றாத எண்ணில் கட்டிவிட்டு, நிறத்தை மட்டும் மாற்றிய எண்ணில் பூசும். ஆருக்கான இன்னொரு தொகுப்பான பிஹீட்மேப்பில் மாற்றச் சொன்னால் முதலில் மாற்றிவிட்டு அப்புறம்தான் மரம் கட்டும். ஒரே தரவு, இரண்டு படம். கைடு வட்டம் போட்டபோது இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.